எந்த 'இப்போது'?

கேள்வி: தற்போதைய, இக்கால, சமகால, நவீன, நடப்பு... எல்லாவற்றுக்கும் ஒரே பொருள்தானே? எதற்கு இத்தனை சொற்கள்?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: தெரு ஒன்றுதான், வீடுகள் வேறு. 'இக்கால' என்றால் அடுத்த சொல் 'பிள்ளைகள்', கூடவே ஒரு பெருமூச்சு. 'தற்போதைய' என்பதில் 'நாளை மாறலாம்' என்ற எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது; பதவிப் பெயர்களுக்கு முன்னால் போட ரொம்பப் பொருத்தம். 'நடப்பு' கணக்குப்பிள்ளை வீட்டுச் சொல். நடப்பு நிதியாண்டுக்கு ஆயுள் மார்ச் 31 வரைதான். ஆனால் 'நடப்பு சாம்பியன்' என்பவர் போன தடவை ஜெயித்தவர்!

'சமகாலம்'தான் ஆளை ஏமாற்றும். அதற்கு 'ஒரே காலம்' என்றுதான் பொருள். அது இன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 1872இல் பிறந்த வ.உ.சி.யும் 1882இல் பிறந்த பாரதியும் சமகாலத்தவர்கள். யாருக்குச் சமகாலம் என்று சொல்லாமல் விட்டால், நமக்கு என்று வைத்துக்கொள்கிறோம். நம் தற்பெருமை அப்படி.

'புது'வுக்கு மூப்பே கிடையாது. ந. பிச்சமூர்த்தி 1930களில் எழுதத் தொடங்கிய புதுக்கவிதை இன்னமும் 'புது'தான், பேரன் எடுத்த பிறகும் 'சின்னத்தம்பி' என்று கூப்பிடப்படுபவரைப் போல. (எங்கள் ஊர்ப் புது பஸ் ஸ்டாண்டில் கூரை ஒழுகுகிறது.)

இலக்கணம் மட்டும் தப்பியதா? நிகழ்காலம் காட்ட நன்னூல் சொல்லும் இடைநிலைகள் மூன்று: ஆநின்று, கின்று, கிறு. இன்று யாராவது 'உண்ணாநின்றான்' என்று பேசிக் கேட்டிருக்கிறீர்களா? நிகழ்கால இடைநிலையே இறந்தகாலம் ஆகிவிட்டது!