ஒரு எண் குறைத்த மேஸ்திரி

எண்பதுகளில் சென்னையிலிருந்து மாற்றலாகி பெங்களூருக்கு வந்த குடும்பங்களோடு அவர்களுடைய ஃபியட்களும் வந்தன. எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்ற பொதுத்துறை நிறுவனங்களின் குவார்ட்டர்ஸ் வாசல்களில் நின்ற அந்தக் கார்களைப் பற்றி வந்த புதிதில் ஒரே புகார்தான். பெட்ரோல் குடிக்கிறது, ப்ளக் கறுத்துப்போகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. வண்டியில் கோளாறு ஏதும் கிடையாது, ஊர்தான் மாறியிருந்தது. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. தொண்டை வழியாகக் காற்று விரையும்போது எழுகிற உறிஞ்சலுக்கு ஏற்றபடி பெட்ரோலை விடுவது மட்டுமே அதன் வேலை. காற்று மெலிந்தாலும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் கலவையில் பெட்ரோல் நாலு சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது.

அல்சூரில் எங்கள் ஃபியட்டை, அதாவது பிரீமியர் பத்மினியைப் பார்த்த மெக்கானிக்குக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை. மேஸ்திரி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். போனட்டைத் திறந்ததும் கார்புரேட்டருக்குப் பாய்கிற ஆட்கள் மேல் அவருக்குக் கோபம் வரும். “கார்பரேட்டர்ல கை வெக்கிறது கடைசி வேலை சார். மொதல்ல டேப்பெட், அப்புறம் பாயின்ட், அப்புறம் டைமிங். அதெல்லாம் சரியா இருந்தும் வண்டி அழுதாத்தான் இதத் தொறக்கணும்” என்று அப்பாவிடம் சொல்வார். இன்றைக்கும் கார்புரேட்டர் கோளாறு என்று கொண்டுவருகிற வண்டிகளில் பாதிக்குமேல் பிளாட்டினம் பாயின்ட் தேய்ந்ததாகவோ கண்டென்சர் போனதாகவோ இருக்கக் காண்கிறேன். அவர் வரிசை மாறவேயில்லை.

சோலெக்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு ஜெட்டாக அடுக்குவார். பித்தளையில் நெல் நீளம்கூட இல்லாத திருகு, நடுவில் ஒரு துளை. தலையில் பொறித்த எண் அந்தத் துளையின் அளவைச் சொல்லும்: 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். 120 இருந்த இடத்தில் 117.5 போட்டால் துளையின் பரப்பு நாலு சதவீதம் குறையும். பெங்களூர் உயரம் கேட்பதும் ஏறத்தாழ அதே நாலு சதவீதம்தான். மேஸ்திரி செய்ததும் அதுதான், ஒரு எண் இறக்கிவிட்டார். எந்தப் புத்தகத்தில் பார்த்தார் என்று அப்பா கேட்டதற்கு, இந்த ஊருக்கு வந்த எல்லா ஃபியட்டுக்கும் இதுதான் என்றார். ஜெட் அடைத்துக்கொண்டால் ஊதி எடுப்பாரே தவிர, கம்பியால் குத்தவே விடமாட்டார். மென்மையான பித்தளை, ஒரு குத்தில் 117.5 வேறு எண்ணாகிவிடும்.

ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகிலும் வைத்துக்கொண்டு ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகுவார். எஞ்சின் நடுங்கும்வரை உள்ளே, பிறகு சத்தம் சீராகி வேகம் உச்சத்துக்கு ஏறும்வரை வெளியே, அங்கிருந்து ஒரு நூல் உள்ளே. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஓட்டம் முடிந்ததும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிக் காட்டுவார். கரிக்கறுப்பும் கூடாது, சுண்ணாம்பு வெள்ளையும் கூடாது, பிஸ்கட் நிறம் வேண்டும்.

வெபர் என்ற பெயர் அப்போது சோழவரத்தோடு சேர்ந்துதான் காதில் விழும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் 1990-ல் திறக்கும்வரை தென்னிந்திய மோட்டார் பந்தயத்துக்குச் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளம்தான் களம். பந்தய ஃபியட்களின் போனட்டுக்கடியில் இருக்கும் இத்தாலிய கார்புரேட்டரைப் பற்றிப் பையன்கள் பேசிக்கொள்வோம். எதோவார்தோ வெபர் இத்தாலியின் போலோன்யா நகரில் தொடங்கிய கம்பெனி அது. வீட்டுக் காருக்கு வெபர் என்பது அன்றைக்கு நினைப்பில்கூட வராத சங்கதி.

இன்று அது அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. அப்பாவின் 1982 மாடல் பத்மினிக்கு நான் வாங்கியது சிங்கிள் பேரல், அதாவது ஒற்றைத் தொண்டை வெபர். 1,089 சி.சி. எஞ்சினுக்கு அது தாராளம். இரட்டைத் தொண்டை வெபரைத்தான் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். சின்ன எஞ்சினுக்குப் பெரிய தொண்டை வைத்தால் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோல் சரியாகத் தூளாகாமல், கீழ் வேகத்தில் வண்டி திணறும். மாற்றவேண்டி வந்ததற்குக் காரணம் சோலெக்ஸின் த்ராட்டில் தண்டு. வருஷக்கணக்காக ஆடி, அது உட்காரும் துளையைப் பெரிதாக்கிவிட்டது. அந்த இடுக்கில் நுழையும் கள்ளக் காற்றை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது.

பொருத்துவதுதான் பெரிய வேலை. மேனிஃபோல்டின் போல்ட் துளைகளும் வெபரின் துளைகளும் ஒத்துப்போகாது. பீன்யாவில் ஒரு பட்டறையில் அலுமினியத்தில் அடாப்டர் பிளேட் வெட்டித் தந்தார்கள். கண்ணாடிமேல் மணல்தாளை ஒட்டி அதில் தேய்த்து இரண்டு முகங்களையும் சமமாக்கினோம். நடுவே பேக்லைட் ஸ்பேசர் அவசியம். இல்லாவிட்டால் மேனிஃபோல்டின் சூடு ஏறி, சிக்னலில் நிற்கும்போதே பெட்ரோல் கொதித்துப்போகும். அன்றைய பெங்களூரில் சிக்னலில் நிற்பது ஒரு பொருட்டே இல்லை. இன்று சில்க் போர்டு நெரிசலில் அந்த ஸ்பேசர்தான் வண்டியைக் காப்பாற்றுகிறது. ஆக்சிலரேட்டர் கம்பி முழுசாகத் திறக்கிறதா, காலை எடுத்ததும் தானே மூடுகிறதா என்று எஞ்சினைக் கிளப்புமுன் பார்த்துவிட வேண்டும். மூடாத த்ராட்டில் உயிருக்கு ஆபத்து.

டியூனிங்குக்கு வந்த இளைஞர் சைலன்சர் குழாயில் ஒரு சென்சாரைத் திருகி, லேப்டாப்பைச் சீட்டில் வைத்தார். நான் மேஸ்திரியின் வழக்கத்தைச் சொன்னேன். பெட்டியில் வரும் ஜெட் கடல்மட்டக் கணக்கு, இந்த ஊருக்கு ஒரு எண் இறக்குவார்கள். “இருங்க சார், மொதல்ல அளந்து பாத்துடலாம்” என்றார். ஹெப்பால் தாண்டி ஏர்போர்ட் ரோட்டில் சீரான வேகத்தில் போனபோது திரையில் லாம்ப்டா (கலவை அளவு, ஒன்று என்றால் சரி) 1.03. அதாவது பெட்ரோல் கூடவில்லை, கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

காரணம் பங்க்கில் இருக்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலைப் பிரதமர் தொடங்கிவைத்ததே இந்த ஊரில்தான். 2023 பிப்ரவரி 6 அன்று, இந்திய எரிசக்தி வாரத்தில். முதலில் 84 பங்க்குகள், பிறகு நாடு முழுக்க. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய பதின்மூன்றரை. அதே காற்றுக்கு எடைக்கணக்கில் எட்டு, ஒன்பது சதவீதம் எரிபொருள் கூடுதலாக ஊற்றவேண்டும். உயரத்துக்காக மேஸ்திரி குறைத்த நாலு சதவீதத்தை எத்தனால் திருப்பிக் கேட்டு, அதற்குமேலும் கேட்கிறது. எண்பதுகளில் பெங்களூருக்கு ஒத்துவராத கடல்மட்ட ஜெட் இன்று ஏறக்குறைய ஒத்துவருகிறது. நாங்கள் ஒரு எண் ஏற்றினோம். லாம்ப்டா ஒன்றுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பிஸ்கட் நிறம். லேப்டாப் வந்தபின்னும் அந்தச் சோதனையை நான் விடுவதாயில்லை.

கிருஷ்ணகிரி வழியாகச் சென்னைக்கு இறங்கும்போது காற்று அடர்த்தியாகி இன்னும் ஒரு எண் தேவைப்படும். அதனால் டேஷ்போர்டு அறையில் ஒரு ஜெட்டும் ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் உண்டு. பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்து உப்பவைக்கிறது. அவற்றையெல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றியாகிவிட்டது. ஜெட்டைவிட முதலில் மாற்றவேண்டியது அவைதான், ஏனென்றால் கசிந்தால் நெருப்பு.

கழற்றிய சோலெக்ஸைப் பழைய சாமான் விலைக்குக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய, எஞ்சினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு வின்டேஜ் பதிவு உண்டு. எங்கள் பத்மினிக்கு அந்த வயது 2032-ல் வருகிறது. அதற்குள் சோலெக்ஸின் துளையைக் கடைந்து, கன்மெட்டல் புஷ் அடித்து, புதுத் தண்டு போட்டு வைத்துவிட வேண்டும். அந்த வேலையை நுணுக்கமாகச் செய்யும் லேத்காரர் கலாசிபாளையத்தில் இன்னும் கடை வைத்திருக்கிறார். அடுத்த வாரம் போகிறேன்.