ஐம்பது குதிரைக்காரர்

மார்கழியில் விடியற்காலை நாலரை மணிக்கு அவர் வீட்டு கேட் கிறீச்சிடும்போது, எதிர்வீட்டுப் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்வார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்திமானா என்று. பக்திதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் போவது பெருமாள் கோயிலுக்கு அல்ல. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலைக்கு. வண்டியின் 'இழுவை' பார்க்க அந்த மாதத்தை விட்டால் வேறு மாதம் கிடையாது என்பது அவர் சித்தாந்தம்.

சித்தாந்தம் சரிதான். டர்போ இல்லாத எஞ்சின் வெளிக்காற்றின் அழுத்தத்தை மட்டும் நம்பி மூச்சிழுப்பது. காற்று குளிர்ந்திருந்தால் அடர்த்தி கூடும், ஆக்சிஜன் கூடும், அதற்கேற்பப் பெட்ரோலும் எரியும். மார்கழி விடியலின் 21 டிகிரியோடு ஒப்பிட்டால், அக்னி நட்சத்திரத்தின் 41 டிகிரிக் காற்று ஆறு சதவிகிதத்துக்கு மேல் மெலிந்தது. அவர் பாஷையில் சொன்னால், ஐம்பது குதிரையில் மூன்று குதிரை வெயிலில் படுத்துவிடும். அந்த மூன்றுக்காக வருந்தி மே மாதம் முழுக்க வண்டியை எடுக்க மாட்டார். அந்த மாதத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் குடும்பம் ஆட்டோவில் போகும்.

வண்டி, மாருதி ஜென். 1993-இல் வந்த மாடல், 993 சி.சி., 50 குதிரைத்திறன். மகனின் பிளஸ் டூ மார்க்கைக் கேட்டால் ஒரு கணம் யோசித்து உள்ளே குரல் கொடுத்துக் கேட்பார். போர் 72 எம்.எம்., ஸ்ட்ரோக் 61 எம்.எம். என்பதைத் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். இந்த ஐம்பதை எழுபதாக்க வேண்டும் என்பது லட்சியம். டர்போ கூடாது. "ஊதிக் குடுத்து ஓட வைக்கிறது ஒரு பொழப்பா?" என்பார். அதே குடும்பத்து எஸ்டீம் எஞ்சினை, 1298 சி.சி.யை, அப்படியே தூக்கி வைத்துவிடலாமே என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. பலர் செய்தும் இருக்கிறார்கள். அவர்களோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

வேறு ஊராக இருந்தால் இந்த ஆசை ஒரு வருஷத்தில் தானாக அடங்கியிருக்கும். கெடுத்தது அம்பத்தூர். லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா மூன்றும் பாடியில். இந்தியா பிஸ்டன்ஸ் செம்பியத்தில். 1960-களில் எழுந்த தொழிற்பேட்டையில், சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறை, கிரைண்டிங், ஹீட் ட்ரீட்மென்ட். காலையில் ஏதோ ஜெர்மன் கம்பெனிக்கு மைக்ரான் கணக்கில் கடைந்து கொடுக்கிற அதே கை, சாயங்காலம் டீ குடித்துவிட்டு இவர் கொண்டுவரும் சிலிண்டர் ஹெட்டையும் தடவிப் பார்க்கும். முடியாது என்று சொல்ல இந்த ஊரில் ஆளே இல்லை. அதுதான் விபரீதம்.

"மாஸ்டர், இன்னொரு கால் எம்.எம். எடுத்தா கம்ப்ரெஷன் ஏறுமில்ல?"

"தாராளமா ஏறும் சார். அப்பால வால்வும் பிஸ்டனும் கை குடுத்துக்கும்."

அரை மனதாக ஹெட்டைக் கீழே வைத்துவிட்டு, போருக்குத் தாவுவார். ஒரு எம்.எம். ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் 993 சி.சி. 1021 ஆகும். நாலு பிஸ்டன், ரிங் செட், போரிங், ஹானிங், கேஸ்கட், இரண்டு மாதச் சனி ஞாயிறு. லாபம், டீக்கடை கிளாஸில் பாதிகூட நிரம்பாத 28 சி.சி. வீட்டுக் கணக்கு நோட்டில் இதெல்லாம் 'சர்வீஸ்' என்ற ஒரே தலைப்பில் அடங்கும்.

"என்னங்க, இந்த மாசமும் சர்வீஸா?"

"ஆயில் மாத்தினேன்."

பொய் இல்லை. எஞ்சினை இறக்கி ஏற்றினால் ஆயில் மாற்றித்தானே ஆக வேண்டும்.

தெருமுனையில் ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ரிடையரான மாமா ஒருவர் இருக்கிறார். இந்தக் கூத்தைப் பார்த்தால் அவருக்குச் சிரிப்பு தாங்காது. "டி-72 எஞ்சின் தெரியுமா? பன்னெண்டு சிலிண்டர், 38.8 லிட்டர், 780 குதிரை. அதுல ஒரு சிலிண்டருக்குள்ள உன் எஞ்சின் மாதிரி மூணு உக்காரும்" என்பார். நம்மவர் அசர மாட்டார். "லிட்டருக்கு இருபது குதிரைதான மாமா வருது? என் வண்டி லிட்டருக்கு அம்பது." பிறகு சற்று இறங்கி, ஆறுதலாக: "அதுலயும் சூப்பர்சார்ஜர் வேற இருக்கு. நான் அதைக் கணக்குல எடுத்துக்கிறதில்ல."

பூர்வீகம் கேட்டால் சோழவரம் என்பார். பிறந்த ஊர் அதுவல்ல. இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திய சோழவரம். சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து, ஹெட்டைக் கடைந்து சைலன்சரைக் கழற்றிய ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும் கத்திக்கொண்டு போவதைக் கேட்ட காது அது, அப்புறம் குணமாகவில்லை. மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் செய்த கோயம்புத்தூர் கரிவரதனின் பெயரைச் சொல்லும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். 1990-இல் பந்தயம் பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டைக்குப் போனதை, தன் வீட்டிலிருந்து இன்னும் தூரமாகப் போன தெய்வக் குற்றமாக எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவர் பெரிய சாதனை கேம் ஷாஃப்ட்தான். அதன் மேடுகளை மாற்றி அரைத்து, வால்வு அதிக நேரம் திறந்திருக்கும்படி செய்தார். அப்படிச் செய்தால் வேகமாகச் சுற்றும்போது எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், சக்தி கூடும். மெதுவாகச் சுற்றும்போது அதே எஞ்சின் திணறும். கொடுத்து வாங்கும் கணக்கு, மறுக்க முடியாது. சொந்தமாகப் பொருத்திய மீட்டரில் 5000 ஆர்.பி.எம். தாண்டினால் வண்டி வேறு ஜென்மம் எடுக்கிறது என்கிறார். இரண்டாம் கியரிலேயே அதற்கு அறுபதைத் தாண்ட வேண்டும். எம்.டி.எச். ரோட்டில், டன்லப் ஸ்டாப்பிலிருந்து அம்பத்தூர் ஓ.டி. வரை, ஷேர் ஆட்டோவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில், அறுபது எங்கிருந்து வரும்? ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி கடகடவென்று நடுங்கி, இருமி, நின்றுவிடும். பின்னால் ஹாரன். பக்கத்து பைக்காரர் அக்கறையோடு குனிந்து, "சார், ஒரு பிளக் அடிக்கல போல" என்பார். இவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டும் வாரம் வந்தால் பரணிலிருந்து பழைய ஏர் ஃபில்டர் டப்பா, பழைய மேனிஃபோல்ட், பழைய சைலன்சர் எல்லாம் இறங்கிவரும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த ஒரு வாரம் ஜென் பாந்தமாக, சத்தமில்லாமல் ஓடும். வீட்டில் எல்லோருக்கும் பிடித்த வாரம் அது. அவர் மட்டும் சரியாகச் சாப்பிட மாட்டார்.

போன பொங்கலுக்கு அக்கா மகன் புது ஃப்ரான்க்ஸில் வந்திறங்கினான். 998 சி.சி., டர்போ, ஷோரூமிலிருந்து வரும்போதே 100 குதிரை.

"ஓட்டிப் பாருங்க மாமா."

ஓட்டினார். பாடி மேம்பாலம் வரை போய்த் திரும்பி வந்து சாவியைக் கொடுத்தார். ஒரு வார்த்தை இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மாஸ்டருக்கு போன் போட்டார்: "ஃப்ளைவீலை இன்னும் கொஞ்சம் குறைக்க முடியுமா?"

இத்தனைக்கும் பிறகு வண்டிக்கு எத்தனை குதிரை? யாருக்கும் தெரியாது. கேட்டால், "ரன்னிங் இன் முடியட்டும்" என்பார். புது ரிங் போட்ட எஞ்சினை முதல் ஆயிரம் கிலோமீட்டர் விரட்டக் கூடாது, நியாயம்தான். வீட்டுக்கும் தொழிற்பேட்டைக்குமாக அந்த ஆயிரம் ஓட நாலைந்து மாதம் ஆகும். அதற்குள் புது யோசனை பிறந்து எஞ்சின் மறுபடி இறங்கும். மறுபடி ரிங், மறுபடி ஆயிரம். இந்தத் தடவை 840 வரை வந்துவிட்டது, தெருவே எதிர்பார்த்திருந்தது. சனிக்கிழமை காலையில் ஜி.பி. ரோட்டுக்கு ஹெட் கேஸ்கட் வாங்கக் கிளம்பினார். பஸ்ஸில்.