மஞ்சள் பூசிய வண்டி

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினால் லைசென்ஸ் பறிபோகும். பிழைப்பு போய்விடுமே என்று கையைப் பிசைந்தால் நீதிபதி சற்று மனமிரங்கலாம்: வேலைக்கு, படிப்புக்கு, ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓட்டிக்கொள். ஆனால் நம்பர் பிளேட் மாறிவிடலாம். மஞ்சள் தகட்டில் சிவப்பு எழுத்து. மஞ்சளும் குங்குமமுமாய்ப் பார்க்க மங்கலம்தான். ஊரார் வைத்த பெயரோ 'பார்ட்டி பிளேட்'. சிலருக்கு, ஊதிக் காட்டினால்தான் எஞ்சினைக் கிளம்பவிடும் கருவி வேறு. சொந்த வண்டியே போலீஸ்காரராகிவிடும்!

இதில் பாவம், அவசரத்துக்கு அந்த வண்டியை இரவல் வாங்கும் மச்சினர்தான். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர். பால் வாங்கப் போனாலும் தெருவே அவரை மோந்து பார்க்கும்.