கிழிந்துபோன பாஸ்வேர்டு

மின்னஞ்சலைக் குறை சொன்னால் என் பெரியப்பாவுக்குப் பொறுக்காது. "ஏப்பா, அதைக் கண்டுபிடிச்சதே நம்ம முகவூர்க்காரங்க வீட்டுப் பையன்தானே!" என்பார். ஆலங்குளத்துக்காரருக்கு ராஜபாளையம் பக்கத்து முகவூர் அடுத்த தெரு மாதிரி. அந்த ஊரைப் பூர்விகமாகக் கொண்ட சிவா அய்யாதுரை, அமெரிக்காவில் பள்ளி மாணவராக இருந்தபோது 1978-இல் 'ஈமெயில்' என்றொரு நிரல் எழுதியதும், 1982-இல் அதற்குப் பதிப்புரிமை வாங்கியதும் உண்மை. ஆனால் 1971-லேயே ரே டாம்லின்சன் இரண்டு கணினிகளுக்கு நடுவே 'அட்' குறி போட்டு அஞ்சல் அனுப்பிவிட்டார். வரலாற்றாசிரியர்கள் அவரைத்தான் கைகாட்டுகிறார்கள். இதைச் சொன்னால் பெரியப்பா வீட்டில் காபி கிடைக்காது. நான் சொல்வதில்லை.

பெரியப்பா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்வார். சத்தமே போடாமல் மக்கர் பண்ணும் கணினிதான் அவருக்குப் பிடிபடவில்லை.

போன தீபாவளிக்கு முன்னால், சிங்கப்பூர் மருமகனுக்குப் பட்டாசு கிப்ட் பாக்ஸ் விலைப்பட்டியல் அனுப்ப உட்கார்ந்தார். பாஸ்வேர்டு ஞாபகமில்லை. "காலண்டர்ல எழுதியிருக்கேன்" என்று எழுந்து போனார். சிவகாசிப் பக்கத்து வீட்டில் எல்லாக் கணக்கும் தினசரி காலண்டர் தாளில்தான். எழுதியது நேற்றைய தாளில். அதைக் காலையில் கிழித்த பெரியம்மா, அதிலேயே திருநீறு மடித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

"நேத்துத் தேதியை வச்சுக்கிட்டு இன்னிக்கு என்ன செய்ய?" என்றார் பெரியம்மா. பதில் இல்லை.

புது பாஸ்வேர்டு போடலாமென்றால் ஓடிபி வேண்டும். கணக்கைத் தொடங்கிக் கொடுத்த மருமகன் தன் எண்ணையே கொடுத்திருந்தார். இங்கே இரவு 10 மணி, அங்கே 12.30. மாமனார் குரல் கேட்டுப் பதறி எழுந்தவர், ஆறு இலக்கங்களையும் தூக்கக் கலக்கத்தில் இரண்டு தடவை தப்பாகச் சொன்னார்.

ஒருவழியாக உள்ளே போனோம். பெரியப்பா அனுப்பும் பொத்தானை அமுக்கினார். அந்த நேரம் பார்த்து நெட் போனது. திரி எரியாத வெடியைக் குனிந்து பார்க்கக் கூடாது, மறுபடி பற்ற வைக்கவும் கூடாது என்பது எங்கள் பக்கம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அதைச் சொல்லித் தந்ததே பெரியப்பாதான். அவரோ "போகலையே" என்று புதிது புதிதாக எழுதி அமுக்கிக்கொண்டே இருந்தார். எல்லாம் அவுட்பாக்ஸில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நெட் வந்ததும் பதினொன்றும் சரவெடியாகக் கிளம்பின.

மருமகன் உடனே கூப்பிட்டார். "மாமா, பதினோரு மெயில் வந்திருக்கு. ஒண்ணுலயும் பட்டியல் இல்லையே?"

அத்தனையும் புஸ்வாணம். இணைக்க மறந்துவிட்டார்.

"முகவூர்ப் பையன் இதையும் யோசிச்சிருக்கலாம்" என்று எழுந்தார் பெரியப்பா.

"புது பாஸ்வேர்டை எங்கே எழுதினீங்க?" என்றேன்.

"இந்தத் தடவை தாள்ல இல்லப்பா. முருகன் காலடியில, காலண்டர் அட்டையிலயே எழுதிட்டேன். டிசம்பர் 31 வரைக்கும் கவலையில்லை."