சிக்கன வனவாசம்

மலையிலோ காட்டிலோ கூடாரமடித்து இரண்டொரு நாள் வாசம் செய்யக் கடையில் விற்கும் உபகரணங்கள் அநாவசியம், வீட்டில் வீணாகக் கிடக்கும் பொருள்களே போதும் என்று உபதேசிக்கும் புத்தகங்களை நான் மிகுந்த பக்தியுடன் வாசித்திருக்கிறேன். 1908-இல் முகாம் வாழ்க்கைக்கென்றே ஒரு கைந்நூல் இயற்றிய தாமஸ் ஹைராம் ஹோல்டிங் லண்டனில் தையல் தொழில் புரிந்தவர். சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்ட மகானுபாவர். அவர் கத்தரித்த துணிக்கு உரிமை கொண்டாட வேறொருவரும் வந்திருக்க மாட்டார் என்பதொன்றே அவரிடம் எனக்குள்ள பொறாமை. ஏனெனில், நம்முடைய இல்லங்களில் 'வீணாகக் கிடக்கும் பொருள்' என்றொரு வர்க்கமே கிடையாது.

ஏற்காட்டுப் பிரயாணத்துக்காக என்னுடைய பழைய எட்டு முழ வேட்டிகள் இரண்டை எடுத்து, அகலவாட்டில் இணைத்துத் தைக்க முற்பட்டபோதுதான், அவற்றுள் ஒன்று வடாம் உலர்த்துவதற்கும் மற்றொன்று பாட்டியின் விளக்குத் திரிக்கும் முன்பே சாசனம் செய்யப்பட்டவை என்பது தெரியவந்தது. சமாதானப் பேச்சு முடிந்ததும், மெழுகை டர்பன்டைனில் கரைத்துத் துணியெங்கும் பூசினேன். டர்பன்டைன் காற்றில் மறைந்துவிடும், மெழுகு மட்டும் இழைகளின் இடைவெளியில் தங்கி மழைநீரைத் தடுக்கும் என்பது சாஸ்திரம். எந்தக் காற்றில் மறையும் என்பதைச் சாஸ்திரம் சொல்லவில்லை. நெருப்பின் அருகே அதை உலர்த்துவது அபாயமாதலால் அடுப்பங்கரைக்கு அப்பால் கூடத்தில் தொங்கவிட்டேன். அன்று முதல் எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தினர் அனைவரும் காபிகூட அருந்தாமல் அவசர காரியங்களை நினைவுகூர்ந்து விடைபெற்றார்கள்.

கூடாரத்தின் மூலைகளுக்கு இரும்பு வளையம் வேண்டியதில்லை. துணியின் உட்புறம் ஒரு கோலியை வைத்துப் பொதிந்து, அந்தப் பொதியின் கழுத்தில் கயிற்றைச் சுருக்கிட்டால் துணியும் கிழியாது, கயிறும் நழுவாது. கோலிகளின் சொந்தக்காரனான என் புத்திரன் அவற்றுக்கு நாள்வாடகை நிர்ணயித்தான்.

அடுப்புக்கு ஒரு டால்டா டின். அடியில் ஒரு வரிசையும் விளிம்பருகே ஒரு வரிசையுமாகத் துளையிட்டால், குளிர்ந்த காற்று கீழே புகுந்து, சூடேறி, மேலே வெளியேறும். சுள்ளிகள் அதிகம் புகையாமல் எரியும். ஆனால் எங்கள் வீட்டில் டின் என்பது துவரம்பருப்பு நிறைந்ததாக இருக்கும், அல்லது துவரம்பருப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கும்; காலி டின் என்ற அவஸ்தையை அது அறியாது. என் தாயாரிடம் அதைப் பெறுவதற்கு நான் செய்துகொடுத்த பிரமாணங்களை இங்கே விவரிக்க இயலாது. வைக்கோல் திணித்த கோணிச்சாக்கு மெத்தை மட்டுமே ஆட்சேபமின்றிக் கிடைத்தது. அதன்மேல் பூனைக்கு மட்டும் சிறிது பாத்தியதை இருந்தது.

20 கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மலையேறி, இரவு பெய்த மழையில் ஒரு சொட்டும் உள்ளே இறங்காமல், அந்த அடுப்பிலேயே காபி போட்டுக் குடித்தோம் என்பதை நான் கர்வத்துடன் பதிவு செய்கிறேன். ரொக்கச் செலவு மெழுகுக்கும் டர்பன்டைனுக்கும் ஆனதுதான்.

திரும்பியதும், இனி வடாத்துக்கு உதவாத வேட்டிக் கூடாரம் மழைக்காலத்து விறகைப் போர்த்தும் பதவியை ஏற்றது. பருப்புக்கு லாயக்கற்றுப்போன டின்னை நான் எறிய எடுத்தபோது தாயார் பதறினார்: "தண்ணி வடிய இவ்வளவு ஓட்டை இருக்கிற டின்னை யாராவது எறிவாங்களாடா?" மறுநாள் அதில் கனகாம்பரம் நடப்பட்டது. அடுத்த முகாமுக்கு அடுப்பு வேண்டுமானால், முதலில் அந்தச் செடிக்கு மாற்று இடம் தேடியாக வேண்டும். அதற்கும் ஒரு டின்தான் வேண்டுமாம்.