தாடிப் பிரபுவும் துடைப்பமும்

கல்விக்காக அயல்நாடு செல்லும் மாணவர்களுக்கென அச்சிடப்படும் வழிகாட்டி நூல்களில் தவறாது இடம்பெறும் அறிவுரை, சென்ற நாட்டின் பண்பாட்டில் தோய வேண்டும் என்பதாகும். தோய்தல் என்னும் சொல் தமிழில் பாலுக்கும் துணிக்கும் உரியது. பால் தோய்ந்தால் தயிராகிவிடும், பிறகு எவர் கெஞ்சினாலும் பாலாகாது. துணியைத் தோய்த்தாலோ அழுக்கு மட்டும் போகும், துணி துணியாகவே கொடியில் ஆடும். அறிவுரை வழங்குவோர் இவ்விரண்டில் எதைக் கருதுகின்றனர் என்பதை எந்நூலும் விளக்குவதில்லை. அருங்காட்சியகத்தின் முன்னும் திருவிழாக் கூட்டத்தின் நடுவிலும் சிரித்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களின் படங்களை மட்டும் அவை தாராளமாக அச்சிடுகின்றன.

பண்பாடு அந்த வாயில்களின் வழியாக உள்ளே வருவதில்லை என்பதற்குத் தெற்கு ஜெர்மனியில், நெக்கர் ஆற்றங்கரையில் அமைந்த டூபிங்கன் நகரத்துத் தமிழ் மாணவர் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவர் பயிலச் சென்ற பல்கலைக்கழகத்தை 1477-இல் நிறுவியவர் எபர்ஹார்ட் என்னும் பிரபு. அவரது தாடி அவரைவிடப் புகழ்பெற்றதாகையால் வரலாற்றில் ‘தாடிக்கார எபர்ஹார்ட்’ என்றே வழங்கப்படுகிறார். இதே பிரபு, கொலம்பஸ் இந்தியாவைத் தேடிக் கப்பலேறிய அதே 1492-ஆம் ஆண்டில், ஸ்டுட்கார்ட் நகரத்தார் ஒவ்வொருவரும் தத்தம் சாணக்குப்பையை வாரந்தோறும் வெளியேற்ற வேண்டும் என்று விதித்தார். அந்த விதியின் வழிவந்ததாகக் கருதப்படும் வழக்கமே ‘கேர்வோஹே’, அதாவது பெருக்கும் வாரம். அடுக்குமாடி வீட்டில் குடியிருப்போர் முறைவைத்துப் பொதுப்படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கும் கடமை. ஆக, பிரபுவின் முதற்கொடையை நாடிச் செல்லும் மாணவருக்கு இரண்டாவது கொடை இலவச இணைப்பாக வந்து சேர்கிறது.

மொழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். சென்னையில் இரண்டாண்டுகள் வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டித் தேர்ச்சி பெற்ற மாணவர், அங்கு இறங்கியதும் தாம் கற்ற மொழியை எவரும் பேசக் காணாது திகைக்கிறார். ஏனெனில் அப்பகுதியின் பேச்சு ஸ்வேபிய வட்டார வழக்கு. செந்தமிழ் பயின்ற வெளிநாட்டவர் ஒருவர் நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்கிய நிலைதான். தங்களால் பொதுஜெர்மன் தவிர அனைத்தும் இயலும் என்று அம்மாநில அரசே 1999 முதல் 2021 வரை பெருமையோடு விளம்பரம் செய்துவந்ததால், புகார் கூறவும் இடமில்லை. இதே டூபிங்கனில் பயின்ற ஹெர்மன் குண்டெர்ட் 1836-இல் இந்தியா வந்து, தலைச்சேரியில் வாழ்ந்து, 1872-இல் மலையாள அகராதியே வெளியிட்டார் என்பதைத் தமிழ் மாணவரிடம் எவரும் நினைவூட்டாதிருப்பது நாகரிகம்.

இனிப் படிக்கட்டு. வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கும் என்பதையே அறியாது வளர்ந்த அம்மாணவர், குடியேறிய மூன்றாம் வாரத்தில் தம் கதவின் கைப்பிடியில் ஒரு சிறு பலகை தொங்கக் கண்டார். அதில் ‘கேர்வோஹே’ என்று எழுதியிருந்தது. அதை வரவேற்புப் பலகையெனக் கருதிய அவர், அதனருகில் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்ப, குடும்பத்தார் அனைவரும் வாழ்த்தினர். சனிக்கிழமை மாலைவரை பலகை நகராதிருப்பதைக் கண்ட கீழ்வீட்டு மூதாட்டி படியேறி வந்து பொருளை விளக்கிய பின்னர், மாணவர் நல்ல பிள்ளையாக அன்றிரவு 11 மணிக்கு வாளியோடு இறங்கினார். இரவு 10 மணிக்கு மேல் ஓசை எழலாகாது என்பது ‘ஹவுஸ்ஓர்ட்னுங்’ எனப்படும் வீட்டு ஒழுங்குவிதியின் பகுதி என்பதை, தகர வாளி மூன்று படிகள் உருண்டு இறங்கிய பிறகு திறந்த நான்கு கதவுகளின் வாயிலாக அவர் அறிந்துகொண்டார்.

அடுத்த முறை பகலிலேயே துடைத்தார். மூதாட்டி வந்து, குனிந்து, சுவரும் படியும் கூடும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, “மூலை” என்ற ஒரே சொல்லைத் தம் வழக்கில் உதிர்த்துவிட்டுச் சென்றார். அதற்கடுத்த முறையும் மூலையே. ஆறாவது முறை அவர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திட்டாமலிருப்பதே போதுமான பாராட்டு என்பது ஸ்வேபியர்களின் முதுமொழி. வேறு நாட்டு மாணவர்கள் இதனால் மனமுடைவதுண்டு. பத்தாம் வகுப்பில் 100-க்கு 97 பெற்றபோது, மீதி மூன்று எங்கே என்று வினவிய தந்தையரிடம் வளர்ந்த தமிழருக்கோ இந்தப் பண்பாட்டில் தோய்வதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

பிற வழக்கங்கள் பெருந்தொல்லை தந்தனவல்ல. விரிவுரை முடிந்ததும் மாணவர்கள் கைதட்டாமல் விரல்முட்டியால் மேசையைத் தட்டுவது அங்குள்ள மரபு. பள்ளியில் விரல்முட்டி என்பது தலையில் குட்டுவதற்கென்றே படைக்கப்பட்டது என்று நம்பியிருந்த அவர், முதல் நாள் அனிச்சையாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டதோடு சரி. கழி ஊன்றித் தள்ளும் நீண்ட தோணிகளில் மாணவர் குழுக்கள் ஆண்டுதோறும் நெக்கரில் போட்டியிடுவதும், தோற்ற குழுவினர் மீனெண்ணெயை அரை லிட்டர் அளவில் குடிப்பதும் பிறருக்கு வேடிக்கை. காட் மீனெண்ணெய் மாத்திரையை மூக்கைப் பிடித்து விழுங்கிய தலைமுறையைச் சேர்ந்த அவருக்கு அது குழந்தைப்பருவ நினைவு. காலிப் புட்டியைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இட்டு 25 சென்ட் வைப்புத்தொகையைத் திரும்பப் பெறும் முறை மட்டும் அவரை மெய்யாகவே கவர்ந்தது. பழைய பேப்பர்க் கடையில் தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, எடை குறைத்துச் சொல்லாத இயந்திரம் எத்தகைய அதிசயம் என்பதை ஜெர்மானியர் அறியார்.

இரண்டாண்டுகள் கழிந்தபின் விடுமுறைக்குத் தஞ்சாவூர் திரும்பிய மாணவர், வந்திறங்கிய அன்று மாலையே மாடிப்படியின் நிலையைக் கண்டு பொறுக்காமல் துடைப்பத்தைத் தேடிப்பிடித்து, மேலிருந்து கீழாக, மூலை தவறாது பெருக்கத் தொடங்கினார். பாதிப் படி இறங்குவதற்குள் தாயார் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டார். “விளக்கு வச்ச பொறவு யாராச்சும் வீட்டக் கூட்டுவாங்களாடா? லட்சுமி போயிடுவா!”

இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்த வீட்டிலும் ஒரு ஹவுஸ்ஓர்ட்னுங் இருந்திருக்கிறது. அதை எவரும் எழுதி மாட்டவில்லை என்று மாணவர் முறையிட, எழுதினால் மட்டும் படித்துக் கிழித்திருப்பாய் என்று கூறிய தாயார், போகிற போக்கில் மேற்படிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே சென்றார்.