ரெண்டு பன், மூணு பேர்

போன சனிக்கிழமை நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. சூப்தான் ஆறிப்போனது.

ராமென் என்கிற ஜப்பானிய நூடுல்ஸ் சூப்பைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் இந்தப் பன் விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து மச்சினன் வந்திருக்கிறான். நியூயார்க்கைக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஜெர்சி சிட்டியில் ரயிலேறி, ஈஸ்ட் வில்லேஜில் ஒரு நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனேன். நானும் மனைவியும் அவனும், மூன்று பேர். அந்த எண்ணிக்கையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ரகக் கடைகளுக்கு மூலவர் என்றால் 2004இல் இதே பேட்டையில் டேவிட் சாங் திறந்த மொமொஃபுகு நூடுல் பார். நாங்கள் போனது அதுவல்ல. அதைப் பார்த்து முளைத்த ஏதோ ஒன்று. மொமொஃபுகு என்றால் ஜப்பானிய மொழியில் ‘அதிர்ஷ்ட பீச்’ பழம் என்று அர்த்தம் வரும். 1958இல் ஒசாகா பக்கம் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் நூடுல்ஸை எண்ணெயில் பொரித்து, வெந்நீர் ஊற்றினால் போதும் என்று ஆக்கிய மொமொஃபுகு ஆண்டோவின் பெயரும் அதுதான். மனுஷன் காத்திருக்கவே கூடாது என்று பாடுபட்டார். அவர் பெயரைச் சொல்லிக் கிளம்பிய வம்சத்தில் ஒரு கடை வாசலில் நாங்கள் ஐம்பது நிமிஷம் நின்றோம். உள்ளே உட்கார உயரமான ஸ்டூல். சாய்ந்துகொள்ள முதுகுப்பலகை கிடையாது, கால் தரைக்கு எட்டாது. போகட்டும்.

பன் வந்தது. வெள்ளை வெளேரென்று, ஆவியில் வெந்து, இரண்டாக மடித்து, நடுவே விரல் தடிமனுக்குப் பன்றி வயிற்றுக்கறி, நாலு வெள்ளரித் துண்டு, இனிப்பும் உப்புமாக ஒரு கருஞ்சாந்து. தொட்டால் குழந்தையின் கன்னம். ஒரு தட்டு 16 டாலர்.

தட்டில் இரண்டு.

ஏன் இரண்டு? இந்த உலகத்தில் யார் இரண்டிரண்டு பேராகவே சாப்பிடப் போகிறார்கள்? இன்னொரு தட்டு வாங்குவதுதானே என்பீர்கள். வாங்கினால் நாலு. மூன்று பேருக்கு நாலு பன் என்பது இன்னும் பெரிய சண்டை. இரண்டுக்கும் மூன்றுக்கும் மீ.சி.ம. ஆறு. ஆக, சண்டையில்லாமல் எழுந்திருக்க மூன்று தட்டு, 48 டாலர். அதை மனசுக்குள் ரூபாயாகப் பெருக்கினேன். இங்கே வந்து இருபது வருஷமாகியும் இந்தப் புத்தி போகவில்லை. பெருக்கி முடித்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

“எடுத்துக்கோ மாப்ளே.”

“ஐயோ வேண்டாம் அத்தான், நீங்களும் அக்காவும் சாப்பிடுங்க.”

“எனக்கு எதுக்குடா? நீ ஊர்லேருந்து வந்தவன். ஏங்க, நீங்க ஒண்ணு எடுங்க.”

“எனக்குப் பசியே இல்லை.”

பசியே இல்லாதவன்தான் ஐம்பது நிமிஷம் தெருவில் நின்றான். தட்டு என்னிடமிருந்து மச்சினனுக்கு, அவனிடமிருந்து அவளுக்கு, அவளிடமிருந்து என்னிடம் என்று கோயில் பிரதட்சிணம் போல வந்தது. நம் ஊர்ப் பந்தியில் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு ஒரு தைரியம் உண்டு. நாம் இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும், விரல் சந்து வழியாக வடையைப் போட்டுவிட்டுப் போக ஒரு சித்தப்பா இருப்பார். அவரை நம்பித்தான் நாம் வேண்டாம் என்கிறோம். இங்கே சித்தப்பா இல்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மூன்றாகப் பிய்க்கலாம் என்று மச்சினன் குச்சியால் முயன்றான். மூடி மட்டும் விலகிக் கறி வழுக்கியது. திரும்ப உள்ளே தள்ளி மூடிவைத்தான். தைவானில் இந்தப் பன்னுக்குப் ‘புலி பன்றியைக் கவ்வுகிறது’ என்று செல்லப்பெயர். பிளந்த வாயில் கறி துருத்திக்கொண்டிருக்கும் அழகைப் பார்த்து வைத்தது. காசு திணித்த பர்ஸ் போலவும் இருப்பதால் வருஷக் கடைசி விருந்தில் ராசி என்று சாப்பிடுவார்களாம். எங்கள் தட்டில் பன்றி தயாராக இருந்தது. சுற்றிலும் மூன்று புலிகள். மூன்றும் ‘நீங்க சாப்பிடுங்க’ என்றன.

அப்போதுதான் அந்தப் பரிமாறும் பெண் வந்தாள். தட்டில் யாரும் கைவைக்காததைப் பார்த்து, “எடுத்துடட்டுமா?” என்று சிரித்தபடி கையை நீட்டினாள். மூன்று கைகள் ஒரே சமயத்தில் பாய்ந்தன. யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை, கட்டுரையை எழுதுவது யார் என்பதிலிருந்தே நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

“பசியில்லைன்னீங்களே,” என்றாள் மனைவி, வாய் நிறைய.

இதற்குள் ராமென் வந்து கால்மணி நேரம். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுப் பால் மாதிரி இறக்கிய சூப்பின் மேல் ஆடை படிந்திருந்தது. நூடுல்ஸ் உப்பி, குச்சியில் எடுத்தால் அறுந்து விழுந்தது. ஜப்பானில் ஹகாடா பக்கம் இதற்கென்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். நூல் போன்ற நூடுல்ஸ் சூப்பில் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் முதலில் கொஞ்சமாகப் போடுவார்கள். தீர்ந்ததும் ‘கயேடாமா’ என்று குரல் கொடுத்தால் இன்னொரு பிடியை அவித்து அதே சூப்பில் போடுவார்கள். நம்ம மறுசோறுதான். சாப்பிட வந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டியிருக்கும் என்று அங்கே யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

இங்கேயும் யோசிக்கிறார்கள், வேறு இடத்தில். பில் கட்ட ஒரு கருவியைக் கொண்டுவந்து நீட்டினாள் பரிமாறும் பெண். எத்தனை பேருக்குப் பிரிக்கட்டும் என்று அதன் திரையே கேட்டது. மச்சினன் விளையாட்டாக மூன்றைத் தொட்டான். சென்ட் பிசகாமல், டிப்ஸ் உட்பட, மூன்று சம பங்கு.

பில்லை மூன்றாகப் பிரிக்கத் தெரிந்த மகராசர்களே, தட்டில் இன்னும் ஒரு பன் வையுங்கள். காசைச் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள்.